பெரியவர் கொடுத்துவிட்டுப் போன நோட்டு

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 68, காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருட மும்பை வாசத்தில் குஜராத்தி நன்றாகவே படிக்கக் கற்றுக்கொண்டவர். அவருடைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு குஜராத்திப் பெரியவர் இருந்திருக்கிறார். 1942 நவம்பரில் இந்தியப் பெருங்கடலில் மூழ்கடிக்கப்பட்ட ‘திலாவா’ கப்பலிலிருந்து பதினாறு வயதில் தப்பி வந்தவர். அந்த அனுபவத்தை வயதான காலத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். 2019இல் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு அந்த நோட்டையும், தன் தங்கைக்கு எழுதிய சில கடிதங்களையும், ஒரு ஸ்டூடியோ படத்தையும் நம் வாசகரிடம் கொடுத்து, “நீ எழுதுகிற ஆள், இதை ஏதாவது பண்ணு” என்று சொல்லியிருக்கிறார்.

நோட்டைத் தமிழில் மொழிபெயர்த்து, கப்பலில் இருந்த மற்றவர்களின் வாழ்க்கைகளையும் தேடிச் சேர்த்து, 300 பிரதி புத்தகமாகவும் ஒரு இணையதளமாகவும் வெளியிட வேண்டும் என்பது வாசகரின் ஆசை. சிக்கல் நடுவில் வந்தது. தங்கள் ஊர்க்காரரான ஒரு கடைக்காரர், படகைப் பிடித்து ஏற வந்தவர்களைத் துடுப்பால் தள்ளிவிட்டார் என்று நோட்டில் ஓரிடத்தில் பெயரோடு எழுதியிருக்கிறது. கடைக்காரர் 1970களிலேயே இறந்துவிட்டார். ஆனால் அவருடைய கொள்ளுப்பேத்தியைத்தான் பெரியவரின் பேரனுக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள். அகமதாபாத்தில் இருக்கும் பெரியவரின் மகன், “ஒரு வரி அச்சானாலும் வக்கீல் நோட்டீஸ் வரும்” என்று போனில் சொல்லிவிட்டார். இரண்டு மகள்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் வாசகர் இன்னும் பேசவில்லை.

இன்னொருவரும் கதையில் வருகிறார். மூன்று வயதில் அதே கப்பலில் தாயைப் பறிகொடுத்த ஒரு அம்மா. எண்பதைத் தாண்டியவர், அதைப் பற்றிப் பேசவே மறுக்கிறார். அவருடைய பெரியம்மா மகளோ எல்லாவற்றையும் சொல்லி, “கட்டாயம் எழுதுங்கள்” என்கிறாராம்.

வாசகரின் கேள்விகள்: நோட்டை என் கையிலேயே கொடுத்தார், அப்படியானால் உரிமை எனக்குத்தானே? செத்துப்போனவரைப் பற்றி எழுதினால் அவதூறு வழக்கு நிற்குமா? லாபம் பார்க்கப் போவதில்லையே, அப்புறம் என்ன? லண்டனில் முழுப் பயணிகள் பட்டியல் இருக்குமாமே? கடைசியாக, அந்தக் கப்பலிலிருந்து எடுத்த வெள்ளியில் குடும்பங்களுக்குப் பங்கு கேட்க முடியுமா?

ஐயா, வணக்கம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் புத்தகம் வர வேண்டும். திலாவா பம்பாயிலிருந்து கிளம்பியது 1942 நவம்பர் 20. மொம்பாசா, மபுட்டோ, டர்பன் என்று ஆப்பிரிக்கக் கரையோரம் போகவேண்டிய கப்பல். 732 பயணிகள், 222 கப்பல் ஊழியர்கள், 4 பீரங்கிக்காரர்கள், ஆக 958 பேர். 23ஆம் தேதி பின்னிரவில் ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29 அதை டார்பிடோவால் அடித்தது. 280 பேர் இறந்தார்கள். இவ்வளவு பெரிய சாவைப் பற்றி நம் நாட்டில் பத்துப் பேரிடம் கேட்டால் ஒருவருக்குக்கூடத் தெரிந்திருக்காது. 1947 ஜூலை 17 அன்று மும்பைக்குப் பக்கத்திலேயே மூழ்கிய ‘ராமதாஸ்’ படகுக்கும் இதே கதிதான். அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், அடுத்த மாதம் சுதந்திரம் வந்தது, நாடு அதோடு மறந்துவிட்டது. எனவே நான் கீழே சொல்லப் போகும் தடைகளைப் பார்த்து நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள்.

நோட்டு யாருடையது?

காகிதம் உங்களுடையது. அதில் சந்தேகமில்லை, அவர் மனமுவந்து கொடுத்தார், நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். ஆனால் காகிதமும் அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமையும் சட்டத்தில் இரண்டு வேறு சொத்துகள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒருவர் தன் உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தர வேண்டுமென்றால் எழுத்தில், கையெழுத்தோடு தரவேண்டும். “ஏதாவது பண்ணு” என்ற வாய்வார்த்தை எவ்வளவு பாசமாகச் சொல்லப்பட்டிருந்தாலும் போதாது.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு, அச்சேறாத கையெழுத்துப் பிரதியை ஒருவர் உயிலில் உங்களுக்கு எழுதி வைத்தால், வேறுவிதமாகச் சொல்லாதவரை, பதிப்புரிமையும் சேர்ந்தே வந்ததாகக் கொள்ளச் சொல்கிறது. பெரியவர் நோட்டைக் கையில் கொடுக்காமல் உயிலில் ஒரு வரி எழுதியிருந்தால் நீங்கள் எனக்குக் கடிதமே எழுதியிருக்க வேண்டாம். உயில் ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை விசாரியுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த குஜராத்தி வியாபாரக் குடும்பங்களில் உயில் இருப்பது அபூர்வமில்லை.

உயில் இல்லையென்றால், அவர் மனைவியும் முன்பே போய்விட்டார் என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் இரண்டு மகள்களுக்கும் சம பங்கு. மகன் ஒருவர் மிரட்டுவதால் மட்டும் உங்கள் வேலை நின்றுவிடாது. அதே நேரம், நாளைக்கே மகன் சரி என்று சொல்லிவிட்டாலும் அவர் கையெழுத்து மட்டும் போதாது. மூன்று பேரும் சம்மதிக்க வேண்டும். மகள்களிடம் பேசாமல் மகனிடம் மட்டும் பேசியதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய இடம். நம் வீடுகளில் சொத்துப் பேச்சு என்றால் பையனைக் கூப்பிடுகிற பழக்கம். அந்தப் பழக்கம் உங்களையும் விடவில்லை போலிருக்கிறது.

“அவர் எழுதியதை நான் அப்படியே போடவில்லை, தமிழில்தானே எழுதுகிறேன்” என்று ஒரு வாதம் வைத்திருக்கிறீர்கள். மொழிபெயர்க்கும் உரிமையும் பதிப்புரிமைக்குள் அடங்கியதுதான். லாபம் இல்லை என்பதும் கேடயம் ஆகாது. 300 பிரதியை இலவசமாகக் கொடுத்தாலும் அது வெளியீடுதான். காலம் கடந்துவிட்டதா என்று பார்த்தால் அதுவும் இல்லை. எழுதியவர் உயிரோடு இருக்கையில் அச்சேறாத எழுத்துக்கு, முதன்முதலில் அச்சான பிறகுதான் 60 ஆண்டுக் கணக்கே தொடங்குகிறது. தங்கைக்கு எழுதிய கடிதங்களும் இதே வகைதான். கடிதம் வாங்கியவருக்குக் காகிதம், எழுதியவருக்கு வாசகம். இன்னொன்று, பதிப்புரிமை வழக்கை வழக்குத் தொடுப்பவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் அகமதாபாத் போய் வர வேண்டியிருக்கும் என்பதை மனதில் வையுங்கள்.

ஸ்டூடியோ படத்தைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டாம். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஸ்டூடியோக்காரரின் வாரிசைத் தேடி அலைய வேண்டியதில்லை. வாரிசுகளிடம் வாங்கும் அதே அனுமதிக் கடிதத்தில் படத்தையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இதெல்லாம் கேட்டு வெறுத்துப் போயிருப்பீர்கள். இப்போது நல்ல செய்தி. பதிப்புரிமை வாசகத்துக்குத்தான், நடந்த சம்பவத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. கப்பல் எப்போது கிளம்பியது, எங்கே அடிபட்டது, பெரியவர் எத்தனை நாள் தண்ணீரில் கிடந்தார், யார் தூக்கினார்கள், ஊர் திரும்பி என்ன தொழில் செய்தார், இவற்றை உங்கள் சொந்த நடையில், மற்ற ஆதாரங்களோடு வைத்து நீங்கள் எழுதலாம். ஆட்டோ சங்கர் வழக்கு நினைவிருக்கிறதா? சிறையிலிருந்து அவர் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடப் போனபோது எழுந்த வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம் ஒரு எல்லை போட்டது. பொது ஆவணங்களில் உள்ள அளவுக்கு ஒருவருடைய வாழ்க்கையை அவர் அனுமதி இல்லாமலும் எழுதலாம், அதைத் தாண்டி அந்தரங்கத்துக்குள் போனால் பொறுப்பு எழுதுபவர் தலையில் என்றது. உங்களைப் போல வாழ்க்கைக் கதை சேர்க்கிறவர்களுக்கு இன்றைக்கும் அந்தத் தீர்ப்புதான் வழிகாட்டி. ஆக, மகன் கடைசிவரை மறுத்தாலும் உங்களிடம் ஒரு புத்தகம் இருக்கிறது. பெரியவரின் குரல் இல்லாத, கொஞ்சம் மெலிந்த புத்தகம்.

துடுப்பும் கடைக்காரரும்

இறந்தவருக்கு அவதூறு கிடையாது என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாதி சரி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தில் 499ஆக இருந்ததுதான், அதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறது: உயிரோடு இருந்திருந்தால் ஒருவரின் பெயரைக் கெடுத்திருக்கும் ஒன்றை, அவர் இறந்த பின், குடும்பத்தார் மனம் புண்பட வேண்டும் என்ற நோக்கத்தோடு சொன்னால் அதுவும் அவதூறு. நோக்கம் என்ற சொல்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. வரலாறு எழுதுவதுதான் உங்கள் நோக்கம், யாரையும் நோகடிப்பது இல்லை. ஆனால் மகன் உங்களைத் தொலைபேசியில் எச்சரித்திருக்கிறார், சம்பந்தி வீட்டுக்கு இது வலிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தே பெயரோடு அச்சிட்டால், நோக்கம் என்ன என்று நீதிபதி கேட்கும்போது நீங்கள் கொஞ்சம் திணற வேண்டியிருக்கும். உண்மை, பொது நன்மைக்காகச் சொன்னேன் என்ற விதிவிலக்கு இருக்கிறது. ஆனால் உண்மையை நிரூபிக்க வேண்டியது நீங்கள். உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு நோட்டு.

சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு அந்த நோட்டைச் சாட்சியமாகப் பார்ப்போம். பின்னிரவு. முதல் டார்பிடோ அடித்ததுமே படகுகளை நோக்கி நெரிசல், அந்தக் கலவரத்திலேயே பலர் செத்தார்கள். கப்பல் உடனே போகவில்லை, பிறகு வந்த இரண்டாவது டார்பிடோவில்தான் மூழ்கியது. இருட்டு, அலை, ஓலம், பதினாறு வயதுப் பையன். அவன் தன் ஊர்க்காரர் கையில் துடுப்பைப் பார்க்கிறான். அவர் தள்ளினாரா, கைநீட்டியவர்களை இழுக்கத் துடுப்பை நீட்டினாரா, ஏற்கெனவே நிறைந்த படகு கவிழாமல் இருக்க வேறு யாரோ சொல்லித் தள்ளினாரா? அறுபது எழுபது வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதியது அது. பெரியவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் கண்டதாக நம்பியதை எழுதினார், அவ்வளவுதான்.

டைட்டானிக்கில் தப்பிய ஒரே ஜப்பானியர் மசபூமி ஹோசோனோ. அரசு அதிகாரி. பெண்களும் குழந்தைகளும் சாக, ஓர் ஆண் எப்படிப் படகேறி வந்தான் என்று சொந்த நாட்டிலேயே கோழை என்று பேசினார்கள். அடித்துப் பிடித்து 13ஆம் எண் படகில் ஏறியவர் என்று அவரை அடையாளம் காட்டிய பேச்சும் உலவியது. 1939இல் அந்தப் பழியோடேயே இறந்தார். மீட்புக் கப்பலில் இருந்தபோது, டைட்டானிக்கின் பெயர் அச்சிட்ட தாளில் மனைவிக்கு அவர் எழுதியிருந்த கடிதம் குடும்பத்தாரிடம் பத்திரமாக இருந்தது. 1997இல் அதை மற்ற பதிவுகளோடு ஒப்பிட்டபோது, அவர் ஏறியது 10ஆம் எண் படகு, வேறொருவரோடு குழப்பிக்கொண்டார்கள் என்று தெரியவந்தது. சாட்சி சொன்னவர்கள் யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. இருட்டில் ஆளை மாற்றிப் பார்த்தார்கள், குடும்பம் எண்பத்தைந்து வருடம் சுமந்தது.

என் யோசனை இது. சம்பவத்தை நீக்காதீர்கள், பெயரை நீக்குங்கள். பெயரை மட்டும் எடுத்துவிட்டு “எங்கள் ஊர்க் கடைக்காரர்” என்று விட்டுவைத்தால் அது நீக்கியதாகாது, அந்த ஊரில் எல்லோருக்கும் யாரென்று தெரியும். ஊர், தொழில், உறவு மூன்றையும் எடுத்துவிட்டு “கப்பலில் வந்த ஒருவர்” என்று மாற்றி, இப்படி மாற்றியிருப்பதை அடிக்குறிப்பில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். முழுக்கவே வெட்டிவிட்டால் அந்த இரவின் பயங்கரத்தைத் துடைத்து மெருகிட்ட மாதிரி ஆகிவிடும், அதைப் பெரியவரே விரும்பியிருக்க மாட்டார். அதே படகில் இருந்த வேறு யாருடைய பதிவாவது பின்னால் கிடைத்தால், அப்போது மறுபரிசீலனை செய்யலாம். மகனிடம் இந்தத் திருத்தத்தைச் சொல்லிப் பாருங்கள். அவருடைய கோபத்தில் முக்கால்வாசி அந்த ஒரு பக்கத்தைப் பற்றியதுதான் என்று நினைக்கிறேன். மகனை வில்லனாகப் பார்க்காதீர்கள். அவர் பாதுகாக்க நினைப்பது அப்பாவை அல்ல, மருமகளை.

பேச மறுக்கும் அம்மா

இங்கே சட்டமும் மனசாட்சியும் ஒரே பக்கம் நிற்கின்றன, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உயிரோடு இருப்பவருக்கு அந்தரங்க உரிமை உண்டு. 2017இல் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை அடிப்படை உரிமை என்றே சொல்லிவிட்டது. அந்த அம்மாவுக்குப் பதிலாகச் சம்மதிக்க பெரியம்மா மகளுக்கு அதிகாரம் இல்லை. இறந்துபோன தாய் பெயர் ஏதாவது பொதுப் பட்டியலில் இருந்தால் அதை நீங்கள் குறிப்பிடலாம். மகள் எப்படிப் பிழைத்தாள், யார் வளர்த்தார்கள், இரவில் இன்றைக்கும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார் என்பதெல்லாம் அவர் சொல்லாமல் அச்சில் வரக்கூடாது. “அவருக்குத் தெரியாமல் தமிழில்தானே வரப் போகிறது, படிக்கவா போகிறார்” என்று எழுதியிருக்கிறீர்கள். இணையதளத்தில் போட்ட அடுத்த நிமிடம் எந்த மொழியிலும் மாற்றிப் படிக்கிற காலம் ஐயா இது. பேரப்பிள்ளைகள் படித்துக் காட்டுவார்கள்.

ஒருமுறை போய்ப் பாருங்கள், நோட்டும் பேனாவும் இல்லாமல். கேள்வி கேட்காதீர்கள். நீங்கள் தேடிக் கண்டுபிடித்ததை, வேண்டுமென்றால் கேட்கட்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். தாயைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்று உங்களிடம் இருக்கலாம். பேசினால் சரி, பேசாவிட்டாலும் சரி.

பேசச் சம்மதிக்கிற மற்றவர்களிடம் ஒரு பக்கத்துக்கு மிகாத சம்மதக் கடிதம் வாங்குங்கள், அவரவர் மொழியிலேயே. அதில் இவை இருந்தால் போதும்:

பெயர்: சொந்தப் பெயரா, மாற்றுப் பெயரா, ஊர் போடலாமா.

எங்கே: புத்தகத்தில் மட்டுமா, இணையத்திலுமா. நிறைய பெரியவர்கள் முதலாவதற்குச் சரி என்பார்கள், இரண்டாவதற்குத் தயங்குவார்கள். தனித்தனியாகக் கேளுங்கள்.

பின்வாங்கும் உரிமை: அச்சுக்குப் போகும் முன் எந்த நாள் வரை வேண்டாம் என்று சொல்லலாம். எழுதி முடித்ததைப் படித்துக் காட்டுவீர்களா.

ஒலிப்பதிவு: உங்களுக்குப் பிறகு யாரிடம் இருக்கும். இதை யாரும் யோசிப்பதே இல்லை. நீங்கள் பெரியவரின் நோட்டை வைத்துக்கொண்டு விழிப்பது போல, உங்கள் பென்டிரைவை வைத்துக்கொண்டு உங்கள் பையன் விழிக்கக்கூடாது.

உயிரோடு இருப்பவர்களின் முகவரி, தொலைபேசி எண், நோய் விவரம் எதுவும் இணையதளத்தில் வேண்டாம்.

பட்டியலைத் தேடிப் போகும்போது

லண்டனில் ஒரு முழுப் பட்டியல் காத்திருக்கிறது, பணம் கட்டினால் பிரதி வரும் என்பது உங்கள் எண்ணம். லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் புகழ்பெற்ற பயணிகள் பட்டியல்கள் இருப்பது உண்மை. ஆனால் அவை பிரிட்டனிலிருந்து கிளம்பிய, பிரிட்டனுக்கு வந்து சேர்ந்த கப்பல்களுக்கானவை. பம்பாயிலிருந்து டர்பனுக்குப் போன கப்பலை அங்கே தேடிப் பயனில்லை. அங்கே நீங்கள் தேட வேண்டியது மீட்புக் கப்பலின் பதிவேடு. ‘பர்மிங்காம்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்தான் இரண்டு நாள் கழித்து வந்து 674 பேரைத் தூக்கியது, ‘கார்த்தேஜ்’ கப்பல் 4 பேரை. போர்க்கப்பல்களின் லாக் புத்தகங்கள் கியூவில் கடற்படைப் பிரிவில், ‘ADM 53’ என்ற வரிசையில் இருக்கின்றன. பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களையும் பாருங்கள். அதற்கெல்லாம் முன்னால், ரயில் ஏறிப் போய்ச் சேருகிற தூரத்தில், காலா கோடாவில், எல்ஃபின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்தில் மகாராஷ்டிர மாநில ஆவணக் காப்பகம் இருக்கிறது. நாற்பது வருடம் மும்பையில் இருந்துகொண்டு லண்டனைப் பற்றிக் கேட்கிறீர்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

கப்பல் ஊழியர்கள் விஷயம் வேறு. எதிரி தாக்கி இறந்த வணிகக் கப்பல் மாலுமிகளைக் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் பதிவு செய்து வைத்திருக்கிறது, இணையத்திலேயே தேடலாம். பிரிட்டிஷ் மாலுமிகளின் பெயர்களை லண்டன் டவர் ஹில்லில் பலகையில் பொறித்தார்கள். இந்திய மாலுமிகளின் பெயர்களை ஏட்டில் எழுதி மும்பையிலும் சிட்டகாங்கிலும் வைத்தார்கள். பலகைக்கும் ஏட்டுக்கும் உள்ள அந்த வித்தியாசத்தை உங்கள் புத்தகத்தில் ஒரு பத்தி எழுதலாம். பயணிகளுக்கு இந்த ஏடும் இல்லை.

எந்தப் பட்டியல் கிடைத்தாலும் அதை வேதவாக்காக எடுக்காதீர்கள். டைட்டானிக்கில் லூயி ஹாஃப்மன் என்ற பெயரில் ஒருவர் இரண்டு சிறு மகன்களோடு பயணம் செய்தார். பிள்ளைகளைப் படகில் ஏற்றிவிட்டு அவர் இறந்தார். கனடாவின் ஹாலிஃபாக்ஸில் பெயரைப் பார்த்து யூதர் என்று முடிவு செய்து யூதக் கல்லறையில் புதைத்தார்கள். உண்மையில் அவர் மிஷேல் நவ்ராதில் என்ற கத்தோலிக்கத் தையற்காரர். மனைவியோடு பிரிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பொய்ப் பெயரில் கிளம்பியவர். உலகமே துருவித் துருவி ஆராய்ந்த கப்பலின் கதி இது. உங்கள் கப்பலிலோ, குஜராத்திப் பெயரை ஆங்கில எழுத்தில் அவசரமாக எழுதியிருப்பார்கள். ஒரே பெயரில் நான்கு பேர், தந்தை பெயர் எது குடும்பப் பெயர் எது என்று தெரியாத குழப்பம் எல்லாம் வரும். இரண்டு தனித்தனி ஆதாரம் ஒத்துப்போனால் ஒழிய “இவர்தான் அவர்” என்று எழுதாதீர்கள். ஒத்துப்போகாவிட்டால் “இருக்கலாம்” என்று எழுதுவதில் வெட்கம் இல்லை. ஹாலிஃபாக்ஸிலேயே புதைத்த பெயர் தெரியாத டைட்டானிக் குழந்தையை 2002இல் டிஎன்ஏ வைத்து ஒரு ஃபின்லாந்துக் குழந்தை என்று அறிவித்தார்கள். 2007இல் இல்லை, சிட்னி குட்வின் என்ற ஆங்கிலேயக் குழந்தை என்று திருத்தினார்கள். இணையதளம் வைத்திருப்பதில் ஒரு வசதி, திருத்தலாம். திருத்திய தேதியோடு போடுங்கள்.

வெள்ளியில் பங்கு

இந்தக் கேள்வியில் உங்கள் கோபம் தெரிகிறது, எனக்கும் அது புரிகிறது. 2,364 வெள்ளிப் பாளங்களைக் கடலடியில் சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்திலிருந்து 2017இல் ஒரு தனியார் நிறுவனம் மேலே எடுத்தது. சவுத்தாம்ப்டனுக்குக் கொண்டு போனார்கள். அதை ஒட்டிய வழக்கு இங்கிலாந்தில் உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று மூன்று படி ஏறியது. செத்த 280 பேரின் பெயரைத் திரட்ட யாரும் அவ்வளவு செலவழிக்கவில்லை.

ஆனால் வழக்கு என்னவென்று சரியாகப் புரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் புத்தகத்தில் தவறாக எழுதிவிடுவீர்கள். வெள்ளி யாருடையது என்பதில் தகராறே இல்லை. நாணயம் அடிக்கத் தென்னாப்பிரிக்க அரசு வாங்கியது, அன்றும் இன்றும் அவர்களுடையது. மூழ்கிய சரக்கை எடுத்தவருக்கு அது சொந்தமாகாது, எடுத்த உழைப்புக்குச் சன்மானம்தான் கேட்கலாம். அந்தச் சன்மானத்துக்காக இன்னொரு நாட்டு அரசின் சரக்கின் மீது இங்கிலாந்தில் வழக்குப் போட முடியுமா என்பதுதான் கேள்வி. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் முடியும் என்றன. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் முடியாது என்றது, அதற்குள் இரு தரப்பும் சமாதானமாகிவிட்டிருந்தன என்பது வேறு கதை.

இதில் பயணிகளின் குடும்பங்களுக்கு இடமில்லை. சரக்கு அவர்களுடையதல்ல. உயிரிழப்புக்கு நஷ்டஈடு கேட்டு இன்று வழக்குப் போட முடியுமா என்றால், எண்பது வருடம் கழித்து எந்த நீதிமன்றமும் கோப்பைத் திறக்காது. அப்படி ஓர் ஆசையைக் குடும்பங்களிடம் கிளப்பாதீர்கள். பேட்டிக்குப் போகும் இடத்தில் “ஏதாவது பணம் வருமா” என்ற கேள்வி வந்தால் வராது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பணத்தை எதிர்பார்த்துச் சொல்லப்படும் கதை கொஞ்சம் கொஞ்சமாக வீங்கும், இதை நான் நஷ்டஈட்டு வழக்குகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். நினைவுச் சின்னம் கேட்பது, பெயர்ப் பலகை கேட்பது வேறு. 2022 நவம்பர் 23, எண்பதாம் ஆண்டு நாளில் மும்பையில் குடும்பத்தினர் கூடி நினைவுகூர்ந்தார்கள். அவர்கள் பல வருடமாகவே தகவல் திரட்டி வருகிறார்கள். உங்கள் கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர்களோடு பேசினால் பாதி தேடல் மிச்சமாகலாம், நீங்களும் தனி ஆளாக வாரிசுகளின் கதவைத் தட்டும் அந்நியராக இருக்க மாட்டீர்கள்.

இனி என்ன செய்யலாம்? வரும் நவம்பர் 23க்குள் புத்தகம் வரவேண்டும் என்று அச்சகத்தில் பேசி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தள்ளிப் போடுங்கள். முதல் கடிதத்தை மூத்த மகளுக்கு எழுதுங்கள், அதன் நகல் இளைய மகளுக்கும் மகனுக்கும் ஒரே நாளில் போகட்டும். மகனிடம் பேசிய கோபத்தை அதில் காட்ட வேண்டாம். அப்பா உங்களிடம் நோட்டைக் கொடுத்த நாளை விவரியுங்கள். துடுப்புப் பக்கத்தை எப்படி மாற்றப் போகிறீர்கள் என்று அந்தப் பக்கத்தையே தட்டச்சு செய்து இணைத்துவிடுங்கள். மூவரும் கையெழுத்திட வேண்டிய அனுமதிப் பத்திரத்தில் தமிழ் மொழிபெயர்ப்பு, அச்சு, இணையம், படம் நான்கையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். நூலில் கிடைப்பது ஏதாவது இருந்தால் அவர்களுக்கும் பங்கு என்று நீங்களாகவே எழுதுங்கள். வரப்போவது ஒன்றுமில்லை என்றாலும், கேட்காமல் எழுதியதற்கு ஒரு மரியாதை உண்டு.

மூன்று மாதம் பதில் வராவிட்டால் எனக்கு எழுதுங்கள், நோட்டின் வாசகம் இல்லாமல் புத்தகத்தை எப்படிக் கட்டுவது என்று உட்கார்ந்து பார்க்கலாம்.

அதற்கு முன்னால், நோட்டை முழுக்க ஸ்கேன் செய்து, மூன்று வாரிசுகளுக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்பிவிடுங்கள். இதற்கு யார் அனுமதியும் வேண்டாம். மழைக்காலம் வருவதற்குள் செய்யுங்கள். பழைய மை செம்பூர் ஈரத்தைத் தாங்காது.